கட்டாமல் கட்டிய கோயில்

கெகார்ட் துறவிமடத்தின் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நாங்கள் எல்லாரும் ஒரே பிழையைத்தான் விட்டோம். பாறையடியில் நிற்கிற கூம்புக் கோபுரத் தேவாலயந்தான் முழு மடமும் எண்டு நினைச்சம். மடத்தின் பெரிய பங்கு அதற்குப் பின்னால், மலைக்குள்ளே இருக்கிறது எண்டு பிறகுதான் விளங்கினது.

ஆர்மேனியத் தலைநகர் யெரெவானுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில், அசாத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது கெகார்ட். 4ஆம் நூற்றாண்டில் புனித கிரகோரி இதைத் தொடங்கினார் என்பது மரபு. குகைக்குள்ளே ஓர் ஊற்று. அந்த இடத்தில்தான் மடம் உருவானது. பழைய பெயர் அய்ரிவாங்க், அதாவது குகை மடம். கெகார்ட் எண்டால் ஈட்டி. சிலுவையில் இயேசுவின் விலாவைக் குத்தியதாக நம்பப்படும் ஈட்டியை இங்கே வைத்திருந்ததால் வந்த பெயர் அது. இப்போது அந்த ஈட்டி எச்மியாட்சின் நகரில் இருக்கிறது.

923இல் அரபு ஆட்சியாளரின் படை மடத்தைச் சூறையாடி எரித்தது. கட்டடங்களோடு கையெழுத்துச் சுவடிகளும் போயின. இந்த வரியில் நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் நிண்டுபோனோம். ஏன் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கு நிற்கிற பிரதான தேவாலயம் 1215இல் எழுந்தது. கிட்டத்தட்ட 300 வருடம் கழித்து! ஜோர்ஜியாவின் அரசி தமாரிடம் தளபதிகளாக இருந்த சக்கரே, இவானே என்ற சகோதரர்களின் ஆதரவில் அது நடந்தது. பிறகு புரோஷ்யான் என்ற பிரபுக் குடும்பம் மடத்தை விலைக்கு வாங்கியது. மலையைக் குடையும் வேலையில் பெரும்பகுதி அவர்களின் காலத்தில்தான்.

குடைகிற வேலை கட்டுகிற வேலைக்கு நேர் எதிர். கட்டும்போது ஒரு கல் பிழைச்சால் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். இங்கே வெட்டினது வெட்டினதுதான். தூண் எண்டால், சுற்றியுள்ள பாறையை அகற்றி, அதை மட்டும் விட்டுவைக்க வேண்டும். வில்வளைவும் கூரையும் அப்படியே. கோயிலுக்காகக் கொண்டுவந்து வைத்த கல் எண்டு எதுவும் இல்லை. அகற்றாமல் விட்டதுதான் கோயில். கூரை நடுவிலுள்ள துவாரத்தால் மட்டும் வெளிச்சம் இறங்குகிறது. முதல் குடைவுக் கோயிலுக்குள் அந்தப் பழைய ஊற்று இன்னும் ஓடுகிறது.

அதே கோயிலில் கல்ட்சாக் என்ற பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அரசனும் இல்லை, காசு கொடுத்தவரும் இல்லை. வேலையைச் செய்த சிற்பி. பழைய கட்டடங்களைப் பற்றி எதை வாசித்தாலும் ஆண்டவர் பெயரும் உபயகாரர் பெயரும்தான் வரும். உளி பிடித்தவரின் பெயர் வருகிறது அரிது. எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அந்தப் பேர் மட்டும் இல்லையெண்டால், இதையும் புரோஷ்யான்கள்தான் செய்தவை எண்டு சொல்லியிருப்பம், என்ன?" எங்களிடம் பதில் இருக்கேல்ல. அதுவரைக்கும் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேல் மட்டத்தில் 1288இல் குடைந்து முடித்த ஒரு மண்டபம் இருக்கிறது. பாப்பாக் என்ற இளவரசனுக்கும் மனைவி ருசுகானுக்கும் உரிய கல்லறை மண்டபம். நாலு தூண்கள், வெறும் பாறை. அங்கே சிலர் சேர்ந்து பாடுகிற காணொளிகள் இணையத்தில் நிறைய. ஒரு குரல் ஓய்ந்த பிறகும் பாறை அதை வைத்திருக்கிறது. தரையிலுள்ள ஒரு துவாரத்தால் கீழ் மண்டபத்தைப் பார்க்கலாம்.

2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ கெகார்ட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. படத்தைத் தேடிப் பார்க்கிற நீங்கள் கோபுரத்தோடு நிண்டுவிடாதேங்கோ. பின்னாலுள்ள பாறையையும் பாருங்கோ. கல்ட்சாக் வேலை செய்தது அதற்குள்ளேதான்.