பழைய பேப்பர் கட்டில் ஒரு கதை நோட்டு

"என் கதை நோட்டு எங்கேம்மா?" என்று மகள் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. காலையில்தான் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தேன்.

"பகடை உருட்டற விளையாட்டுக்கு நோட்டு எதுக்குடி?" என்று சமாளித்தேன்.

1974-ல் அமெரிக்காவில் பிறந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. ஒருத்தி கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பது பகடை கையில்.

அவள் ஒரு புத்தகத்தை நீட்டினாள். 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிடாடல்'. 2022-ல் வந்தது. இந்த விளையாட்டுக்கென்றே எழுதிய 13 கதைகள். ஒன்று, கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் என்ற பெண் எழுதியது. ஆறும் காடுமாக வங்காள வாசனை! அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர்கள் தாங்களே ஓட்டுப் போட்டுத் தரும் நெபுலா விருதின் இறுதிப் பட்டியலில் இந்தப் புத்தகமும் இருந்ததாம். 2023-ல் பரிசு என்னவோ 'எல்டன் ரிங்' என்ற வீடியோ விளையாட்டுக்குப் போய்விட்டது.

"பட்டியல்ல பேர் வந்ததே பெரிசுதானேடி?"

"அது இருக்கட்டும், என் நோட்டு?"

கட்டைப் பிரித்தேன். மளிகைக் கணக்கு நோட்டுக்கு அடியில் இருந்தது. புரட்டினால், முதல் பக்கத்திலேயே ஒரு சூனியக்காரி. வாயைத் திறந்தால் அசல் என் பேச்சு!