தாங்காத காதுக்கு வேகமான ஜாஸ்

மிக்ஸி ஓடினால் அடுத்த அறையில்கூட என்னால் இருக்க முடியாது. எவர்சில்வர் தட்டுகள் உரசினால் பல் கூசும். பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தால் அன்று மாலை யாரோடும் பேச்சு ஓடாது. மற்றவர்கள் காதில் விழுந்தும் விழாமலும் போகிற சத்தமெல்லாம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படிப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1996-இல் ஒரு புத்தகமே எழுதினார். புலன்கள் கொண்டுவருவதை இவர்களின் மூளை மற்றவர்களைவிட ஆழமாக அலசுகிறது என்பது அவர் சொல்வது. எனக்கு அது அப்படியே பொருந்துகிறது.

அப்படிப்பட்ட நான் ஆசையோடு கேட்பது ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனை. அதிலும் அவருடைய வேகமான பதிவுகளை. சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. உனக்கு ஏற்றது மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’தானே என்கிறார்கள். அது பேரழகான இசை, மறுக்கவில்லை. அதிலும் கோல்ட்ரேன் வாசிக்கிறார். ஆனால் மெதுவான இசையில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இடம் இருக்கிறது. அந்த இடத்தில் மின்விசிறியின் கிறீச்சொலி வருகிறது, ஃப்ரிட்ஜின் உறுமல் வருகிறது, கீழே யாரோ பைக்கை முறுக்குவது வருகிறது. பாட்டைக் கேட்கிறேனா அவற்றைக் கேட்கிறேனா என்று தெரியாமல் களைத்துப்போகிறேன்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் கடைசிப் பதிவு 1959 ஏப்ரல் 22-இல் நடந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள், மே மாதத் தொடக்கத்தில், அதே கோல்ட்ரேன் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ஸைப் பதிவு செய்தார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 290 தட்டு வேகம். 16 பார் (தாளக் கட்டம்) கொண்ட மெட்டு, அதற்குள் 26 கார்டுகள் (சுரக்கொத்துகள்). கணக்குப் போட்டால் ஒரு சுற்று முடிய 13 விநாடிதான் ஆகிறது. விநாடிக்கு இரண்டு கார்டு மாறுகிறது, அவையும் மூன்று வெவ்வேறு ஸ்கேல்களுக்குள் தாவித் தாவி. ஒவ்வொரு மாற்றத்தின் மேலும் கோல்ட்ரேன் விடாமல் சுரங்களைப் பொழிகிறார். வெளியிலிருந்து எந்தச் சத்தமும் நுழைய இடுக்கே இல்லை. எதையும் தள்ளிவிடத் தெரியாத என் காதுக்கு இங்கே தள்ளிவிட வேண்டியது எதுவும் இல்லை.

என்னை வதைப்பது சத்தத்தின் வேகமோ எண்ணிக்கையோ இல்லை என்பது இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது. தெருவில் எந்த ஒலியும் இன்னொன்றைப் பொருட்படுத்துவதில்லை. ஹாரன், துளைபோடும் இயந்திரம், ஒலிபெருக்கி எல்லாம் தன்பாட்டுக்குக் கத்துகின்றன. ஒன்று எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று காத்துக் காத்து உடம்பு இறுகிவிடுகிறது. ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ஸை வாசிக்கும் நால்வரோ ஒருவரையொருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் முதலில் பிடித்துக்கொள்வது பால் சேம்பர்ஸின் டபுள் பேஸை. தட்டுக்கு ஒரு சுரமாக அது நடந்துகொண்டே இருக்கிறது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறுவதைப் போல அதைப் பிடித்துக்கொண்டால், மேலே சாக்ஸபோன் எவ்வளவு வேகமாகப் போனாலும் எனக்குப் பயமில்லை.

அந்தப் பதிவில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் டாமி ஃபிளானகனின் பியானோ. தேர்ந்த கலைஞர் அவர். ஆனால் பழக்கமில்லாத கார்டு வரிசை, அதுவும் அந்த வேகத்தில். அவருடைய முறை வந்ததும் சில சொற்றொடர்களை வாசிக்கிறார், இடைவெளி விடுகிறார், மறுபடி எடுக்கிறார், கடைசியில் வெறும் கார்டுகளை மட்டும் தொட்டு நிற்கிறார். பலர் இதைத் தடுமாற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வெள்ளமாக வந்து விழுவதை ஒரு மனிதர் தாங்குகிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறார். நான் தினமும் செய்வது அதைத்தான். அவர் நிறுத்துகிற இடங்களிலும் பேஸும் ட்ரம்ஸும் அவரை விட்டுவிட்டு ஓடவில்லை, கூடவே இருக்கின்றன. கோல்ட்ரேன் 1967-இல், நாற்பது வயதில் இறந்துபோனார். 1982-இல் ஃபிளானகன் அவர் நினைவாகச் செய்த ஆல்பத்தில் இதே மெட்டைத் தன் மூவர் குழுவோடு மறுபடி வாசித்தார். அதில் எந்தத் தயக்கமும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்று யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

வலிக்கவே வலிக்காது என்று சொல்ல மாட்டேன். ட்ரம்ஸின் சிம்பல் எனக்குப் பெரிய சோதனை. ஹெட்போனில் கேட்டால் அதன் சீற்றம் காதுக்குள் ஊசியாக இறங்குகிறது. பின்னாளில் கோல்ட்ரேனோடு எல்வின் ஜோன்ஸ் வாசித்தவை இன்னும் கடினம். அவர் கை சிம்பலை விட்டு நகர்வதே இல்லையோ என்று எனக்குத் தோன்றும். அதனால் ஹெட்போனைத் தொடுவதில்லை. ஸ்பீக்கரை அறையின் மறுகோடியில் வைத்து, ட்ரெபிளைக் குறைத்து, பேஸ் தெளிவாகக் கேட்கிற அளவுக்கு மட்டும் ஒலியை வைக்கிறேன். ஒலிப்பதிவாளர் செய்துவைத்த சமநிலையை இப்படிக் கெடுக்கலாமா என்று இசைப்பிரியர்கள் கேட்கலாம். ஆனால் உடம்பு திறந்திருந்தால்தான் இசை உள்ளே வரும்.

இவ்வளவு செய்தும் கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’ எனக்கு முழுதாக வசப்படவில்லை. 1965 ஜூனில் பதினொரு பேர் ஒரே அறையில் நின்று ஏறத்தாழ நாற்பது நிமிடம் வாசித்த இசை அது. ஏழு ஊதுகருவிகள், இரண்டு பேஸ். ஒருவர் தனித்து வாசிக்கும் பகுதிகளைத் தாங்குகிறேன். எல்லோரும் சேர்ந்து எழும்போது யார் யாரைக் கேட்கிறார்கள் என்று என் காதுக்குப் பிடிபடுவதில்லை. உடனே தோள்பட்டை இறுகுகிறது, நிறுத்திவிடுகிறேன்.

ஆனால் 1967 பிப்ரவரியில் ட்ரம்ஸ் கலைஞர் ரஷீத் அலியோடு மட்டும் அவர் பதிவு செய்த ‘இன்டர்ஸ்டெல்லார் ஸ்பேஸ்’ அப்படி இல்லை. கோல்ட்ரேன் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1974-இல்தான் அது வெளிவந்தது. பெரும்பாலும் நிலையான தாளம் கிடையாது, பிடித்துக்கொள்ள பேஸும் கிடையாது. சாக்ஸபோன் அலறும் இடங்கள் ‘அசென்ஷ’னுக்குக் குறைந்தவை அல்ல. இருந்தாலும் இருக்கிறவர்கள் இரண்டே பேர். இவர் சொன்னதற்கு அவர் என்ன சொன்னார் என்பது ஒவ்வொரு நொடியும் தெரிகிறது. தவிர, அதன் சில பகுதிகளில் கோல்ட்ரேன் முதலில் சிறுமணிகளைக் குலுக்குகிறார், பிறகுதான் சாக்ஸபோனை எடுக்கிறார். சாக்ஸபோன் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் உடம்பு தயாராகிக்கொள்கிறது. அதில் ‘சாட்டர்ன்’ பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒலியைக் கொஞ்சம்கூடக் குறைக்காமல் அதை முழுவதும் கேட்கிறேன்.