வடபழனியில 'வ' எங்க இருக்கு?

ஒரு நிமிஷம் ப்ளீஸ்... நாக்கு நுனியால மேல் முன்பல்லுக்குப் பின்னாடி, நட்ட நடுவுல தடவிப் பாருங்க. குட்டியா ஒரு மேடு தட்டுப்படுதா? சூடா பஜ்ஜி தின்னா சுட்டுக்குமே, அந்த இடம்தான். பி.டி.எஸ். பாஷையில அதுக்குப் பேரு இன்சைசிவ் பாப்பிலா. பல்லெல்லாம் கொட்டின பிறகும் இந்த மேடு பெரிசா நகராது. பல்செட் செய்யற எங்களுக்கு அதுதான் மைல்கல்.

ஃபைனல் இயர்ல எனக்கு வந்த பேஷன்ட்டும் என்னை மாதிரியே வடபழனிவாசி. முப்பது வருஷமா டப்பிங் ஆர்ட்டிஸ்ட். கூட்டத்துல ஒரு குரல், கோர்ட் டவாலி, கல்யாண வீட்டு சித்தப்பா... எல்லாம் அவர்தான். "இந்த பல்செட் போட்டதுலேர்ந்து 'வாங்க'ன்னா 'பாங்க'ன்னு வருதும்மா. ரெண்டு வருஷமா யாரும் கூப்பிடறதில்லே"ன்னார். மேலுதடு உள்ள ஒடுங்கிப் போயிருந்தது.

பல் போனா மேல் தாடை எலும்பு சும்மா இருக்காது. வெளிப்பக்கம்தான் அதிகமா கரையும், கரை உள்வாங்கிடும். மிச்சமிருக்கிற எலும்பு மேலயே பல்லை வரிசையா நட்டா, முகமே பத்து வயசு கூடிடும். அந்தக் காலத்து அசல் பல் நின்ன இடம் அதுக்கும் முன்னாடி. சராசரியா, மேட்டோட மையத்துலேர்ந்து முன்பல்லோட வெளிப்பரப்பு வரைக்கும் 8 முதல் 10 மில்லிமீட்டர். அவரோட பழைய செட்டை அளந்தேன். அஞ்சுகூட இல்லை!

மேட்டு வழியா குறுக்கே ஒரு கோடு போட்டா, ரெண்டு கோரைப்பல்லும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டுலயே வரும். இந்தக் கணக்கை வெச்சு மெழுகுல பல்லை அடுக்கினேன். ஆனா ஸ்கேல் சொல்றது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். கடைசித் தீர்ப்பு உதட்டோடது. டெக்ஸ்ட் புக் 'ஃபிஃப்டி ஃபைவ்' சொல்லச் சொல்லுங்கன்னு எழுதியிருக்கு. நமக்கு எதுக்கு ஃபிஃப்டி ஃபைவ்? மேற்பல் கீழுதட்டைத் தொட்டாதான் வகரம் பிறக்கும்னு பவணந்தி முனிவர் பதிமூணாம் நூற்றாண்டுலயே நன்னூல்ல சொல்லிட்டாரே! ஸ்கூல்ல மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினது, கிளினிக்ல உதவிக்கு வந்தது. கீழுதட்டுல ஈரமும் உலர்வும் சந்திக்கிற கோட்டுல பல் விளிம்பு லேசா படணும். அவ்வளவுதான்.

"வடபழனி சொல்லுங்க சார்."

சொன்னார். லேசா காத்து கலந்த மாதிரி இருந்தது. எங்க மேடம் குனிஞ்சு பார்த்துட்டு, "அரை மில்லி வெளிய கொண்டு வா"ன்னாங்க. கத்தியைச் சூடு பண்ணி மெழுகை இளக்கி நகர்த்தினேன். மறுபடி வாயில வெச்சதும், நான் கேக்கறதுக்கு முன்னாடியே போலீஸ்காரர் குரல்ல, "வண்டியை ஓரங்கட்டு!"ன்னார். பக்கத்து நாற்காலி பேஷன்ட் வாயைத் திறந்தபடியே திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடியில ரொம்ப நேரம் உதட்டையே பார்த்துட்டிருந்தவர், "டாக்டரம்மா, நாளைக்கு ஒரு வாய்ஸ் டெஸ்ட்டுக்குக் கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். இதோடவே போயிடட்டுமா?"ன்னார்.

"இது மெழுகு சார். ஆற்காடு ரோடு வெயில்ல, ஸ்டுடியோ வாசல் போறதுக்குள்ள இளகிடும். அடுத்த வாரம் வாங்க, அக்ரிலிக்ல தர்றேன்"னேன்.