பாண்டிக்காரனிடம் ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள்

டொரண்டோ வந்து வருஷம் பல ஆச்சு. பார்க்கறது கம்ப்யூட்டர் வேலை. ஆனா நண்பர்கள் வீட்டு விருந்துல சாப்பாடு முடிஞ்சு வெத்தலைக்குப் பதிலா சோம்பு டப்பா சுத்தி வர்ற நேரத்துல, யாரும் என்கிட்ட கம்ப்யூட்டர் கதை கேக்கறதில்லை. "அந்தத் திருவனந்தபுரம் கதை ஒண்ணை எடுத்து விடுங்க"ன்னுதான் கேக்கறாங்க. சேல்ஸ்ல இருந்தவனுக்கு இது ஒரு வசதி. சம்பாதிச்சது செலவாயிடும், கஸ்டமர் மட்டும் செலவாகவே மாட்டார்.

2003லேருந்து 2006 வரைக்கும் திருவனந்தபுரம் எம்.ஜி. ரோட்டுல ஒரு ஷோரூம்ல வேலை. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி. கடைப் பேரு வேண்டாம். கொஞ்ச தூரம் நடந்தா ஸ்டாச்சு ஜங்ஷன். அங்க சிலையா நிக்கிறவர் திவான் மாதவ ராவ், கும்பகோணத்துல பொறந்தவர். 1857லேருந்து 1872 வரைக்கும் திருவிதாங்கூருக்கே திவானா இருந்தார். அவரைத் தாண்டிப் போறப்பல்லாம் மனசுக்குள்ள ஒரு சல்யூட் அடிப்பேன். நம்ம பக்கத்துலேருந்து பொழைக்க வந்த சீனியர் இல்லையா! அவருக்கு சமஸ்தானம் கிடைச்சுது, எனக்கு மாசம் நாப்பது ஃப்ரிட்ஜ் டார்கெட் கிடைச்சுது.

பட்டியும் பாண்டியும்

எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டி. மதுரைக்காரங்களுக்கு இதுல சிரிக்க ஒண்ணுமில்லை. மலையாளத்துல பட்டின்னா நாய்.

ஒரு அம்மா பேரனோட மிக்ஸி பார்க்க வந்தாங்க. "எவிடெயா மோனே நாடு?"ன்னு கேட்டாங்க.

"உசிலம்பட்டி."

பையனுக்கு அஞ்சு வயசு இருக்கும். "பட்டியா!"ன்னு ஒரே சிரிப்பு. சரி, சிரிக்கிற பிள்ளையை ஏன் பாதியில நிறுத்தணும்? "பக்கத்து ஊரு ஆண்டிப்பட்டி. மதுரைக்குப் போற வழியில செக்கானூரணி, அதைத் தாண்டி வேற பக்கம் திரும்பினா வாடிப்பட்டி"ன்னு வரிசையா சொன்னேன். ஒவ்வொரு பட்டிக்கும் அவன் தரையில உருண்டான். அந்தம்மா வேற கடையில விலை விசாரிக்கறதா இருந்தாங்களாம். பேரன் நகர மாட்டேன்னுட்டான். மிக்ஸி வித்துப் போச்சு. உசிலம்பட்டி பேரைச் சொல்லி மிக்ஸி வித்த ஒரே ஆள் அனேகமா நானாத்தான் இருப்பேன்.

அடுத்தது 'பாண்டி'. தமிழாளுங்களை அந்த ஊர்ல அப்படிச் சொல்றவங்க உண்டு. மரியாதையா சொல்ற வார்த்தை இல்லை. ஒரு பெரியவர் என் பேச்சைக் கேட்டுட்டு, பக்கத்துல இருந்த மனைவிகிட்ட மெதுவா, "பாண்டிக்காரனா, சூக்ஷிச்சோ"ன்னார். அதாவது, ஜாக்கிரதையா இருந்துக்கோ.

எனக்குக் கேட்டுடுச்சு. "சேட்டா, பாண்டின்னா எங்க மதுரையை ஆண்ட ராஜா. நீங்க திட்டறதா நினைச்சு எனக்குப் பட்டம் கட்டுறீங்க"ன்னேன்.

மனுஷர் ஒரு நொடி திகைச்சுட்டு, அசராம கேட்டார்: "அப்போ ராஜாவு எத்ர குறய்க்கும்?"

ராஜா இருநூறு ரூபா குறைச்சார்.

மேனேஜர் தீர்த்து வச்ச குழப்பம்

தமிழும் மலையாளமும் அக்கா தங்கச்சிம்பாங்க. அதுல ஒரு சிக்கல், ரெண்டு பேரும் ஒருத்தர் புடவையை ஒருத்தர் மாத்திக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. சாலை பஜார்ல போய் சர்க்கரை கேட்டா வெல்லம் கட்டித் தருவாங்க. நம்ம சர்க்கரை அங்க பஞ்சசாரை. வெள்ளம்னா பயந்து ஓட வேண்டாம், குடிக்கிற தண்ணிதான்.

சென்னையிலேருந்து வந்த ஏரியா மேனேஜர் ஒருத்தருக்கு இது தெரியாது. வந்த அன்னிக்கே போனை எடுத்துட்டார். அந்தப் பக்கம் ஒரு கஸ்டமர், "ஃப்ரிட்ஜினு ஒரு குழப்பம்"னார். மலையாளத்துல குழப்பம்னா கோளாறு. நம்ம மேனேஜர், பாவம் ஆளு புது ஃப்ரிட்ஜைப் பார்த்துக் குழம்பி நிக்கிறார்னு நினைச்சுட்டார்.

"ஒரு குழப்பமும் வேண்டாம் சார். மேல ஃப்ரீசர். கீழ காய்கறி. கதவுல முட்டை..."

பத்து நிமிஷம் வகுப்பு நடந்துச்சு. அந்தப் பக்கத்து மனுஷர் பொறுமையா கேட்டுட்டுக் கடைசியில அலறினது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு: "அதொக்கெ எனிக்கறியாம்! தணுப்பில்ல!"

அதெல்லாம் எனக்குத் தெரியும்யா, கூலிங் இல்லை!

கடவுளின் சர்வீஸ் சென்டர்

கூப்பிடு தூரத்துல செக்ரட்டேரியட். கேரள அரசு ஊழியருக்கு அப்போ ரிட்டயர்மென்ட் வயசு 55. அதனால நல்ல தெம்போட, கக்கத்துல பேப்பரும் கையில குடையுமா, கேள்வி கேக்கறதுக்குன்னே நேரம் இருக்கற பெரியவங்க ஊர் நிறைய உண்டு. வாரன்ட்டி கார்டை ரெண்டு பக்கமும் படிக்கிற மனுஷங்களை நான் வாழ்க்கையில முதல் முதலா பார்த்தது அங்கதான்.

ஒருத்தர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கேட்டார்: "தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்னு போட்டிருக்கு. இடி விழுந்தா?"

நியாயமான கேள்வி. ஐப்பசி மாசம் துலாவர்ஷம் வந்துட்டா அங்க சாயங்காலம் சாயங்காலம் இடிதான். வானம் கறுத்தாலே வீட்டுக்கு வீடு டிவி ப்ளக்கைப் பிடுங்கிடுவாங்க. கேபிள் வயரையும் சேர்த்துத்தான்.

"இடி கம்பெனி தயாரிப்பு இல்லை சார், கடவுள் தயாரிப்பு"ன்னேன்.

"அப்போ கடவுளோட சர்வீஸ் சென்டர் எங்கே?"

"இதே எம்.ஜி. ரோட்டுல நேரா போங்க. கிழக்கே கோட்டை, பத்மநாபசாமி கோயில்."

அவர் சிரிக்கலை. 1986ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பத்தி எனக்கு ஒரு சின்னப் பாடம் எடுத்தார். அப்புறம், "இடிக்கு வாரன்ட்டி கிடையாது என்று விற்பனையாளர் என்னிடம் தெளிவாகச் சொன்னார்"னு பில் பின்னாடி எழுதி, என்கிட்டயே கையெழுத்தும் வாங்கிட்டார். பிரச்சினை பண்ணப் போறார்னு பார்த்தா, அடுத்த வாரம் நாலு பென்ஷன்காரங்களைக் கூட்டிட்டு வந்து, "இவன் இல்லாததை இருக்குன்னு சொல்ல மாட்டான்"னு அறிமுகப்படுத்தினார். எந்த விளம்பரமும் எனக்கு அப்படி உழைக்கலை.

நோக்குறதுக்கும் கூலி

பேரூர்க்கடை பக்கம் ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் இறக்கப் போனோம். எங்க பசங்களே இறக்கி வச்சாச்சு. அப்போ நாலு பேர் வந்து கூலி கேட்டாங்க. இதுக்குப் பேரு நோக்குகூலி. நீங்க இறக்குங்க, நாங்க நோக்குறோம், நோக்கினதுக்குக் கூலி குடுங்க! 2018 மே 1ஆம் தேதியிலேருந்து கேரள அரசு இதை ஒழிச்சாச்சு. அப்போ நடைமுறையில இருந்துச்சு.

வீட்டுப் பாட்டி வாசலுக்கு வந்தாங்க. நாலு பேருக்கும் கட்டஞ்சாயா குடுத்தாங்க. அவங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்துட்டுக் கேட்டாங்க: "மக்களே, இந்தத் திண்ணையில உக்காந்து எழுபது வருஷமா நான் இந்த ரோட்டை நோக்கிட்டிருக்கேன். எனக்கு எவ்வளவு தருவீங்க?"

நாலு பேர்ல ஒருத்தர் சிரிச்சுட்டார். அவ்வளவுதான், கூலி போச்சு. போறப்போ அவங்கதான் ஃப்ரிட்ஜைச் சமையல்கட்டு வரைக்கும் நகர்த்திக் குடுத்துட்டுப் போனாங்க.

அர்ஜென்டினா தோத்ததுக்கு டிவி என்ன செய்யும்?

2006 ஜூன், உலகக்கோப்பை கால்பந்து. மலப்புரம், கோழிக்கோடு அளவுக்கு இல்லைன்னாலும், பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரைப் பக்கமெல்லாம் பிரேசில், அர்ஜென்டினா கொடிதான். டிவி விற்பனை பிச்சுக்கிச்சு.

ஜூன் 30 ராத்திரி ஜெர்மனிகிட்ட பெனால்டியில அர்ஜென்டினா அவுட். மறுநாள் காலையில கடை திறந்ததும், மூணு வாரம் முன்னாடி 29 இஞ்ச் டிவி வாங்கினவர் வந்து நின்னார். "இதைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"டிவிக்கு என்ன சேட்டா?"

"டிவிக்கு ஒண்ணுமில்லை. எனக்கு இனிமே பார்க்க ஒண்ணுமில்லை."

பக்கத்துல விலை பார்த்துக்கிட்டிருந்த பிரேசில் ரசிகர் ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிச்சு, அந்த வேகத்துலயே அவரும் ஒரு டிவி வாங்கிட்டுப் போனார். அன்னிக்கு நடு ராத்திரி தாண்டி பிரான்ஸ்கிட்ட பிரேசிலும் காலி. ஹென்றி அடிச்ச ஒரே கோல். திங்கக்கிழமை ரெண்டு பேரும் என் முன்னாடி உக்காந்திருந்தாங்க, சண்டை இல்லாம, ஒரே துக்க வீட்டுல வந்து சேர்ந்த சம்பந்திங்க மாதிரி. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சேன். டிவி ரெண்டும் திரும்பி வரலை.

வெள்ளிக்கிழமை போன்

வெள்ளிக்கிழமை எங்க கடை வேற மாதிரி இருக்கும். கல்ஃப்ல லீவு நாள். ஆற்றிங்கல், வர்க்கலா பக்கத்துலேருந்து குடும்பங்கள் வரும். வாங்குறவர் துபாய்லயோ ஷார்ஜாவுலயோ இருப்பார். பார்க்கறவங்க இங்க இருப்பாங்க. நடுவுல ஒரு மொபைல். அது என் காதுக்கும் அவங்க காதுக்கும் மாறி மாறிப் போகும். முகமே தெரியாத எத்தனையோ பேருக்கு நான் இப்படி ஃப்ரிட்ஜ் வித்திருக்கேன்.

ஒரு தடவை ஒரு அம்மா தனியா வந்தாங்க. போன்ல ஷார்ஜா மகன், "ரெண்டு கதவு வச்ச பெரிசா குடுங்க. அம்மா சின்னது கேப்பாங்க, குடுக்காதீங்க"ங்கறார். அம்மா போனைக் கையால பொத்திக்கிட்டு, "சின்னது போதும் மோனே, அவன்கிட்ட பெரிசு ஸ்டாக் இல்லைன்னு சொல்லு"ங்கறாங்க. மாசக் கடைசி. பெரிசு வித்தா எனக்கு டார்கெட் முடிஞ்சுடும்.

"ஏம்மா, பெரிசுதான் இருக்கட்டுமே?"ன்னு கேட்டேன்.

"நான் ஒருத்திதானே இருக்கேன். பெரிசா இருந்தா, தொறக்கறப்பல்லாம் உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரியும்."

எனக்குப் பேச்சு வரலை. மகன்கிட்ட ஸ்டாக் இல்லைன்னு சொல்லலை. அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம், "சின்னதே குடுங்க"ன்னார். அம்மா போனைப் பிடுங்கி, "மிச்சக் காசுக்கு டிக்கெட் எடுத்து ஓணத்துக்கு வாடா"ன்னாங்க. அவர் என்ன பதில் சொன்னார்னு எனக்குக் கேக்கலை. சிங்கிள் டோர் ஒண்ணு பில் போட்டேன். அந்த மாசம் டார்கெட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் குறைஞ்சுது.

இப்போ வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. டொரண்டோவுல ராத்திரி ஒன்பதரைன்னா உசிலம்பட்டியில காலை ஏழு. வீடியோவுல அம்மா முகம் தெரியும். பின்னாடி சமையல்கட்டு தெரியும். நான் ஆன்லைன்ல பார்த்து, "இந்த மாடல் அனுப்பட்டுமா?"ன்னு கேட்டா, "இருக்கறதே போதும்டா"ங்கறாங்க.

இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு இப்போதான் அந்த ஷார்ஜாக்காரரோட மௌனம் நல்லா கேக்குது. மாடல் பேச்சை அதோட விட்டுட்டு, வேற ஜன்னலைத் திறந்து மதுரைக்கு டிக்கெட் விலை பார்க்க ஆரம்பிச்சிருக்கேன்.