காலிப் பெட்டிகள்

வாங்கிய சாமானை எடுத்துக்கொண்டபின் அது வந்த பெட்டியை வைத்திருப்பதா, எறிவதா என்பதெல்லாம் இங்கே எழுத வேண்டிய விஷயமா என்று நண்பர்கள் கேட்கலாம். 1964-ல் ஆண்டி வார்ஹால் நியூயார்க் கேலரி ஒன்றில் ப்ரில்லோ சோப்புப் பெட்டிகளை ஒட்டுப்பலகையில் செய்து அடுக்கியதிலிருந்து, கலைக்கும் கடைச் சரக்குக்கும் என்ன வித்தியாசம் என்று நம்மவர்களும் பேசித் தீர்த்தாயிற்று. நான் கேட்டவரையில் அந்தப் பேச்சில் விட்டுப்போனது ஒன்று: அவை காலிப் பெட்டிகள். அதே வருஷங்களில் ஏற்காட்டில் எங்கள் வீட்டுப் பரணில் ஏழெட்டுக் காலிப் பெட்டிகள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் அப்பாவிடம் ஒரு தத்துவமும் இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா ஒரு காப்பித் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதினார். ரேடியோ, தையல் மெஷின், குக்கர் எது வந்தாலும் முதல் காரியம் பெட்டியைப் பத்திரப்படுத்துவது. பலகைப் பெட்டி என்றால் ஆணிகளை வளைக்காமல் கொறடால் பிடுங்கி ஒரு டப்பாவில் போடுவார். உள்ளே திணித்திருந்த வைக்கோலையும் காகிதத்தையும் பழையபடி அமுக்கி வைப்பார். அட்டைத் துண்டுகளில் எது மேல், எது கீழ் என்று பென்சிலால் எண் போடுவார். நாங்கள் ரேடியோவில் பாட்டுக் கேட்க ஆரம்பிக்குமுன் அது பயணம் போவதற்கான ஏற்பாடு முடிந்திருக்கும். இதைக் கருமித்தனம் என்று சொல்வது சுலபம். மத்தியதர வர்க்கத்தின் உடைமை மோகம் என்றுகூட ஒருவர் எழுதிவிடலாம். அப்படி எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாங்கள் குடியிருந்த வீடு தோட்டத்துடையது என்பதை இருவருமே கணக்கில் எடுக்கமாட்டார்கள். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு முதலாளி வீடு தரவேண்டும் என்று விதித்தது. நல்ல சட்டந்தான். ஆனால் வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். லைன் வீட்டில் இருந்தவர்களுக்கும் ஆபீஸ் குவார்ட்டர்ஸில் இருந்த எங்களுக்கும் இதில் இருந்த வித்தியாசம் சுவரின் கனம் மட்டும். வீட்டைக் காலி செய்யும் நாளை அப்பா முன்கூட்டியே பரணில் ஏற்றி வைத்திருந்தார்.

1981-ல் அந்த நாள் வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் போகவேண்டும். ரேடியோ அதற்கு நாலைந்து வருஷம் முன்பே பாடுவதை நிறுத்திவிட்டிருந்தது. இருந்தாலும் தன் பெட்டியில், தன் வைக்கோலில், எண் வரிசைப்படி இறங்கிற்று. செவ்வாய்ப்பேட்டை வாடகை வீட்டில் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. அம்மா சிரித்தாள். அப்பா காலிப் பெட்டியை அங்கேயும் பரணில் ஏற்றினார்.

இப்போது நான் ஏற்காட்டில், என் பெயரில் பட்டா உள்ள வீட்டில் இருக்கிறேன். அப்பாவின் தர்க்கப்படி எனக்குப் பெட்டிகள் தேவையில்லை. ஆனால் மிக்ஸி, ஃப்ரிட்ஜ், டெலிவிஷன் எல்லாவற்றின் பெட்டிகளும் பரணில் இருந்தன. என் மனைவி எறிகிற கட்சி. அவள் பக்கம் நியாயம் அதிகம் என்றே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த மலை அட்டையை வாழவிடாது. 1500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் உப்பு கசியும், தீக்குச்சி பற்றாது, பீரோவில் தொங்கும் பெல்ட்டில் பூசணம் பூக்கும். நெளி அட்டைக்கு 1871-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கினார். பாட்டிலையும் விளக்குச் சிம்னியையும் உடையாமல் சுற்றுவதற்கு. அது பெட்டியானது பிற்பாடு. அதன் பலமெல்லாம் அந்த நெளிவில் இருக்கிறது. ஈரம் ஏறினால் நெளிவு படுத்துவிடும். தாள்களை ஒட்டியிருப்பது மாவுப் பசை, இராமபாணத்துக்கு விருந்து. அது பெட்டியோடு நிற்பதில்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த ‘கசடதபற’ இதழ்கள் சிலவற்றை எழுத்துப் பாகுபாடு இல்லாமல் படித்துவிட்டது.

பெட்டி இல்லாவிட்டால் கேரண்டி கிடையாது என்று கடைப் பையன்கள் பயமுறுத்துவார்கள். கார்டைப் படித்தால் பெரும்பாலும் கேட்டிருப்பது பில்லும் பொருளின் வரிசை எண்ணும்தான். திருப்பித்தருவதற்குக் கெடு ஏழு நாளோ பத்து நாளோ. அதுவரை பெட்டி அவசியம். பிறகு அதற்கு வேலை வருவது வீடு மாற்றும் அன்றைக்கு.

உறையைக் கழற்றாமல் வைத்திருப்பதே உத்தமம் என்று இதே மலையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சரக்கு ஒன்று உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காப்பி. பழத்தின் தோலை உரித்து, கொழகொழப்பு போகக் கழுவி, களத்தில் காயவைத்த பிறகும் கொட்டையைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் ஒரு ஓடு இருக்கும். பார்ச்மென்ட் என்பார்கள். அதோடுதான் மூட்டை கட்டுவது. விற்பதற்குமுன் க்யூரிங் ஆலையில்தான் ஓட்டை நீக்குவார்கள். முன்னாலேயே நீக்கிவிட்டால் கொட்டை சீக்கிரம் ஈரம் வாங்கும், பக்கத்து வாசனையைப் பிடிக்கும், நிறம் வெளுக்கும். அப்பா தினமும் இந்த மூட்டைகளைத்தான் எண்ணினார். அவருடைய பெட்டி ஞானம் இங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் கொட்டை அந்த ஓட்டுக்குள்ளேயே வளர்ந்தது. மிக்ஸிக்கும் அதன் பெட்டிக்கும் அப்படி உறவில்லை. ஜப்பானில் தேநீர்க் கிண்ணத்துக்கு மரப்பெட்டி செய்து, மூடியில் குயவரே கையெழுத்திடும் வழக்கம் உண்டு. அந்தப் பெட்டி தொலைந்தால் கிண்ணத்தின் மதிப்பும் குறையும். நம் பெட்டியில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. இரண்டு அம்பு, ஒரு கண்ணாடிக் கோப்பை, ஒரு குடை. ஏற்காட்டு மழையில் அந்தக் குடைப் படத்தைப் பார்க்கும்போது சிரிப்பு வரும்.

காலியானதற்கு மலையில் ரொக்க மதிப்பு கிடைப்பது ஒரே இடத்தில். 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்து மற்ற மலைப்பகுதிகளுக்கும் வந்த திட்டப்படி, டாஸ்மாக் கடையில் காலிப் பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். குடிக்காதவன் வீட்டுக் காலிகள் பரணில் கிடக்க வேண்டியதுதான்.

போன வருஷம் பக்கத்துத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். வேலை முடிந்துவிட்டது, வீட்டை ஒப்படைக்க வேண்டும், மகன் திருப்பூரில். “சார், பெட்டி ஏதாச்சும் இருக்குங்களா? பஸ்ல போடற மாதிரி இல்லீங்க, வண்டி வெச்சிருக்கோம்.” பரணைக் காலி செய்தேன். மனைவியே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவரோடு லைன் வீட்டுக்குப் போனேன். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அவர்களுக்கு வந்த மிக்ஸி, எங்கள் மிக்ஸியின் தெர்மோகோல் பள்ளத்தில் கொஞ்சம் ஆடியது. பழைய துணி திணித்துச் சரிசெய்தோம். ஃப்ரிட்ஜ் பெட்டியில் அடியில் அண்டா, மேலே துணிமணி, நடுவில் சாமி படங்கள். சிக்கல் டிவியில்தான். எங்களுடையது தட்டை. அவர்களுடையது 2006-க்குப் பிறகு அரசு வீடுவீடாகக் கொடுத்த, முதுகு புடைத்த வகை. எங்கள் பெட்டியை நீளவாக்கில், குறுக்குவாக்கில் எப்படித் திருப்பினாலும் உள்ளே போகவில்லை. டிவியோடு வந்த பெட்டி எங்கே என்று கேட்டேன். ஓடு ஒழுகிய வருஷம் பிரித்து மச்சுக்கு அடியில் கட்டினார்களாம். அண்ணாந்து பார்த்தேன், கறுத்துப்போய் இன்னும் அங்கேதான் இருந்தது. அதை அவிழ்க்கவேண்டாம், அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும் என்றார் அந்த அம்மாள். டிவியைக் கம்பளியில் சுற்றி, வண்டியின் முன் ஸீட்டில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார்.