சுரங்க ஓரத்தில் படித்த உலக முடிவுகள்

1957-ஆம் ஆண்டு மே மாதம் நேரு நெய்வேலிக்கு வந்து முதல் சுரங்கத்தின் வேலையைத் தொடங்கி வைத்தார். அதே வருடம் நெவில் ஷூட்டின் ‘ஆன் தி பீச்’ நாவல் வெளியானது. அணு ஆயுதப் போரில் உலகின் வடபாதி அழிந்துபோக, காற்றோடு இறங்கி வரும் கதிர்வீச்சுக்காக மெல்போர்ன் மக்கள் காத்திருக்கும் கதை அது. சோவியத் ரஷ்யாவில் இவான் யெஃப்ரேமோவின் ‘ஆந்த்ரோமெடா’ வந்ததும் அந்த வருடம்தான். அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தது. நான் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு. ஆனாலும் இந்த நான்கையும் என் மனம் தனித்தனியாகப் பிரித்து வைத்ததே இல்லை. போர், பேரழிவு, அதற்குப் பின் மிஞ்சும் உலகம் என்று அறிவியல் புனைகதையில் எதைக் கையில் எடுத்தாலும், இன்றைக்கும் நெய்வேலியில் உட்கார்ந்துதான் படிக்கிறேன்.

மைன்ஸ், தெர்மல், டவுன்ஷிப் என்று மூன்று சொல்லில் அடங்கிவிடும் ஊர் அது. யாரும் தெருப் பெயர் கேட்க மாட்டார்கள். “எந்த பிளாக்?” என்பதுதான் முதல் கேள்வி. தபாலில் மட்டும் அது ‘வட்டம்’ ஆகிவிடும். நேர்கோடாகப் போகும் சாலைகள், இருபுறமும் மரங்கள், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பலா அல்லது முருங்கை. அடுப்பில் லெக்கோ. பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, கட்டியாக அழுத்தி, புகை போகச் சுட்டெடுத்த கரி அது. பற்றிக்கொள்ள நேரமாகும். பற்றிவிட்டால் சமையல் முடிந்து வெந்நீர் போட்ட பிறகும் கனன்றுகொண்டிருக்கும். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. ஏ, பி, சி என்று ஷிப்ட் மாறும்போது வீட்டின் சத்தமும் மாறும். சி ஷிப்ட் முடித்து வந்து அவர் பகலில் தூங்கும் நாட்களில் ரேடியோ கிடையாது, வாசலில் பம்பரம் கிடையாது. சத்தம் போடாத விளையாட்டு என்று மிச்சமிருந்தது புத்தகம் ஒன்றுதான்.

முத்து காமிக்ஸில் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் இரும்புக்கை மாயாவிக்கு நெய்வேலிப் பையன்களிடம் தனி மரியாதை இருந்தது. அவனுக்கு வேண்டிய மின்சாரம் எங்கள் ஊரிலிருந்து போகிறது என்று நம்பினோம். பிறகு நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சிகளில் மலிவு விலைக்குக் கிடைத்த சோவியத் நூல்கள். சென்னைக்குப் போகும் யாராவது மூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வரும் அட்டை கிழிந்த ஆங்கில நாவல்கள். அமெரிக்கக் கதைகளில் உலகம் வாரத்துக்கு ஒரு முறை அழியும். ரஷ்யக் கதைகளில் அழிவது அபூர்வம். ‘ஆந்த்ரோமெடா’வில்கூட, தன் கதிர்வீச்சாலேயே மாண்டுபோன ஸிர்தா என்ற கிரகத்தைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு யெஃப்ரேமோவ் நகர்ந்துவிடுவார். பூமி அவருக்கு நல்லபடியாகவே இருக்கும்.

இந்த இரண்டு தரப்பும் எங்கள் ஊரிலேயே இருந்தன. 1961 ஆகஸ்டில் பெர்லினைச் சுவர் வைத்துப் பிரித்தார்கள். அதே ஆகஸ்டில் நெய்வேலியில் மண்ணை அகற்றி முடித்து, முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். அதைத் தோண்டிய ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. அதை எரித்து அடுத்த ஆண்டே மின்சாரம் எடுத்த அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. ஒருவரை ஒருவர் அழிக்க ஏவுகணை வரிசைகட்டி வைத்திருந்த இரு முகாம்களின் இரும்பும் இங்கே ஒரே கன்வேயர் பெல்ட்டின் இரு முனைகளில் நின்றன. தெற்காசியாவின் மிகப் பெரிய அதிசயங்களில் ஒன்றாக இதை நான் நினைக்கிறேன். நான் அறிந்தவரை எந்த நாவலாசிரியரும் இதை எடுத்து எழுதாதது எனக்குத் தீராத ஏக்கம்.

சுரங்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அழைத்துப் போவார்கள். விளிம்பில் நின்று பார்த்தால் படிப்படியாக இறங்கும் சிவப்பும் வெளுப்புமான மண் சுவர்கள், அடியில் கருமையாக நிலக்கரிப் படுகை, மரமோ வீடோ இல்லாத ஒரு வெளி. நடுவே பக்கெட் வீல். தூரத்திலிருந்து நின்றுகொண்டிருப்பது போலத்தான் தெரியும். கிட்டே போனால்தான் சக்கரம் சுற்றுவது தெரியும். சக்கரத்தைச் சுற்றி மண் அள்ளும் தொட்டிகள். தொட்டியின் உதட்டில் இரும்புப் பற்கள், உடம்பெல்லாம் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்க, சுவரைக் கடிக்கும் முனை மட்டும் தேய்ந்து பளபளத்தது. ஒரு பல்லைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். பையன்கள் இருவர் சேர்ந்து தூக்கப் பார்த்தும் அது அசையவில்லை. பிற்பாடு எத்தனையோ நாவல்களில் வேற்றுக்கிரகப் போர் இயந்திரங்களைப் படித்தேன். எழுத்தாளர் எவ்வளவு வர்ணித்தாலும் அந்தத் தேய்ந்த பல்லைக் காட்டாதவரை எனக்கு நம்பிக்கை வராது.

அன்று கூட வந்த பொறியாளர் ஒருவர் சொன்ன விஷயம்தான் என் ரசனையைத் தீர்மானித்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. இரவு பகல் ஓயாமல் பம்பு வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே ஆள் நிற்க முடியும். இறைப்பது நின்றால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். ஆக, எங்கள் ஊரில் பேரழிவு என்பது எதிர்காலத்தில் இல்லை. காலடியிலேயே இருந்தது. அதைத் தினமும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று ஷிப்டிலும் இருந்தார்கள். அழிவுக் கதை எதைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அவர்களைத்தான்.

‘ஆன் தி பீச்’ இந்தத் தேடலில் ஏமாற்றாது. பெட்ரோல் தீர்ந்துவிட்ட மெல்போர்னில் ஜனங்கள் சைக்கிளிலும் குதிரை வண்டியிலும் போகிறார்கள், மின்சார ரயில் மட்டும் ஓடுகிறது. சாவு தேதி குறித்துக்கொண்டு வரும்போதும் ரயில்காரரும் பால்காரரும் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். அந்த விக்டோரியா மாநிலத்துக்கு அன்று மின்சாரம் தந்தது யல்லூர்னில் தோண்டிய பழுப்பு நிலக்கரி என்று பின்னால் ஒரு கட்டுரையில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தின் கடைசி ரயிலை ஓட்டியது எங்கள் கரியின் உடன்பிறப்பு.

ஜார்ஜ் ஸ்டூவர்ட்டின் ‘எர்த் அபைட்ஸ்’ 1949-இல் வந்தது. கொள்ளை நோயில் மனிதர்கள் மடிந்த பிறகும் விளக்குகள் தாமாக எரிந்துகொண்டிருக்கும். நீர்மின் நிலையம் ஆளில்லாமலே ஓடி, மெல்ல மெல்ல மங்கி, ஒரு நாள் அணையும். குழாய்த் தண்ணீரும் பல வருடம் வந்து பிறகுதான் நிற்கும். இப்படிப் பொறுமையாக ஒரு நாகரிகம் நின்றுபோவதை எழுதிக் காட்டிய இன்னொருவரை நான் படித்ததில்லை. அணை நீர் தானாக விழும். கரி தானாக வந்து பாய்லரில் விழாது என்பது நெய்வேலிப் பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் அந்த மங்கும் விளக்குகள் என்னை அதிகமாகப் பயமுறுத்தின. கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோடு’ எல்லோரும் கொண்டாடும் நாவல். தகப்பனும் மகனும் சாம்பலில் நடப்பது மனத்தை அறுக்கிறது. ஆனால் அங்கே செய்வதற்கு வேலை என்று எதுவுமே இல்லை. ஒரு முறை படித்தேன், மறுபடி எடுக்கவில்லை.

போர் நாவல்களுக்கு வருகிறேன். ராபர்ட் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ 1959. ஹைன்லைன் அமெரிக்கக் கடற்படையில் இருந்து, காசநோயால் 1934-இல் விலக நேர்ந்தவர். கவச உடைக்குள் சிப்பாய் எப்படி இயங்குகிறான் என்பதை அவரளவுக்குத் துல்லியமாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனாலும் அது வென்றவன் பக்கம் நின்று பாடிய பரணி. ஜெயங்கொண்டாரிடமாவது களத்தில் கூழ் சமைக்கும் பேய்கள் உண்டு, சாவின் நாற்றம் உண்டு. இங்கே அதுவும் இல்லை. சேவை செய்தவனுக்கே ஓட்டு என்ற அதன் அரசியலை நான் ஏற்கவில்லை. மூன்று ஷிப்டிலும் பம்பை ஓட்டுகிறவன் செய்வது சேவை இல்லையா?

ஜோ ஹால்டுமனின் ‘தி ஃபாரெவர் வார்’ 1974-இல் வந்தது. அவர் வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பியவர். ஒளிவேகத்தை ஒட்டிப் பறந்து போரிட்டுவிட்டு நாயகன் மாண்டெல்லா திரும்பும்போது பூமியில் காலம் எக்கச்சக்கமாக ஓடியிருக்கும். தாய் கிழவியாகியிருப்பாள், பேச்சும் வழக்கமும் மாறியிருக்கும். ஆயிரம் வருடத்துக்கு மேல் நடந்த போர் ஒரு தப்பர்த்தத்தில் தொடங்கியது என்று கடைசியில் தெரியவரும். சி ஷிப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் வீடு திரும்பி, யாருடைய நாளிலும் சேராமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவை நான் மாண்டெல்லாவிடம் கண்டேன். ராணுவ அறிவியல் புனைகதையில் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்பவருக்கு இதைத்தான் தருவேன்.

தமிழில் சுஜாதா இருந்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இயந்திரங்களோடு வேலை பார்த்தவர். 1980-களில் விகடனில் ‘என் இனிய இயந்திரா’ வந்தபோது இதழ் வரும் நாளுக்காகக் காத்திருந்து வாசித்த வீடுகள் எங்கள் பிளாக் முழுக்க உண்டு. பெயருக்கு இரண்டெழுத்து, பிள்ளை பெற அனுமதி, எல்லாவற்றையும் ஆளும் ஜீவா, புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ. சர்வாதிகாரம் எப்படி ஒரு வெறும் பிம்பத்தால் நடக்க முடியும் என்று அவர் காட்டியது இன்றைக்கும் கூர்மை. அழிவுக்குப் பின் என்ன என்று மட்டும் தமிழில் அதிகம் பேர் கேட்கவில்லை. கேட்டவர்கள் ஈழத்தவர்கள், அதுவும் புனைவறிவியல் தேவைப்படாமல். சிறு வயதில் இயக்கத்தில் இருந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வைப் படித்த பிறகு, விண்வெளிப் படைகளை வெறும் வீரத்துக்காகப் படிக்க என்னால் முடியவில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது வால்டர் மில்லரின் ‘எ கான்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’. 1944-இல் மோன்டே கசினோ மடத்தின் மேல் குண்டு போட்ட விமானப் படையில் மில்லர் இருந்தார். அணுப்போருக்குப் பின் பாலைவன மடமொன்றில் துறவிகள் மிஞ்சிய காகிதங்களை, பொருள் புரியாமலே பிரதியெடுத்துக் காக்கிறார்கள். ஒரு மின்சுற்று வரைபடத்துக்குப் பொன்பூச்சு அலங்காரம் செய்தே ஒரு துறவி ஆண்டுகளைக் கழிக்கிறார். அதைப் படிக்கும்போது எனக்கு அடுத்த வீட்டு டிராஃப்ட்ஸ்மேன் மாமா ஞாபகம். அமோனியா வாசம் போகாத வரைபடங்களை உதறி விரித்து, “தம்பி, இதைத் தொலைச்சா மெஷினைத் தொலைச்ச மாதிரிடா” என்பார். செல்லரித்த ஏட்டைப் பிரதி செய்து காத்த மரபுள்ள நமக்கு இந்த நாவல் அந்நியமே இல்லை. காத்தது ஏட்டை மட்டுமல்ல, பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. பத்தாண்டு கழித்து வந்த தாது வருஷப் பஞ்சத்தையும் அது தாண்டியது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்த நாவல்களில் பெரும்பாலானவை உலகம் எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவதாக எண்ணுகின்றன. நெய்வேலியில் அது ஊர் ஊராக முடிந்தது. ஜம்புலிங்க முதலியார் 1930-களில் தன் நிலத்துக் கிணற்றில் கறுப்பு மண்ணைக் கண்டது தொடங்கி, நமக்கு வெளிச்சம் வந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு குடும்பம் கோயிலையும் குளத்தையும் முந்திரித் தோப்பையும் விட்டு எழுந்து போயிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரம் இறங்கியதைத் தமிழகமே பார்த்தது. அந்த வயல்காரர்களுக்கு அழிவுக்குப் பிந்தைய உலகம் என்பது கற்பனை அல்ல. அவர்களை எழுதாமல் நெய்வேலியின் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

1998 முதல் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடத்துகிறார்கள். பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: மில்லரையும் ஹால்டுமனையும் ஸ்டூவர்ட்டையும் நல்ல தமிழில் அந்த அரங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று நெய்வேலிக்காரர்களுக்கு. சோவியத் உதவியில் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் பாய்லர் பார்த்தவர்களும், சுரங்கத்தில் பம்பு பார்த்தவர்களும், நிலம் கொடுத்து எழுந்து போனவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுதத் தெரியாது என்று தயங்காதீர்கள். பெல்ட் எங்கே கிழியும், தண்ணீர் எந்தப் பக்கம் முதலில் கசியும், கடைசி நாளில் சாமியை எந்த வண்டியில் ஏற்றினீர்கள் என்று தெரிந்தவர்கள் நீங்கள்தான். ஒரு நோட்டு வாங்கித் தொடங்குங்கள்.