கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

குரல் வளமுள்ள பிள்ளைகள் பலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். விளம்பரத்துக்கும் டிரெய்லருக்கும் பேச வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். அவர்களுக்கெல்லாம் நான் டான் லாஃபான்டேனைப் பற்றிச் சொல்வேன்.

ஹாலிவுட் டிரெய்லர்களில் தியேட்டரே அதிர வருமே ஒரு கனத்த குரல், அதற்குச் சொந்தக்காரர் அவர். 1940-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் டுலூத்தில் பிறந்தவர். 13 வயதில் குரல் உடைந்து கட்டைக்குரலாகிவிட்டது. ஆனால் அதை வைத்து அவர் உடனே பிழைக்கக் கிளம்பவில்லை. ராணுவ இசைக்குழுவுக்கு ஒலிப்பதிவாளர். பிறகு நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் அதே வேலை. ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்துக்கான ரேடியோ விளம்பரங்களில் தயாரிப்பாளர் ஃப்ளாய்ட் பீட்டர்சனோடு சேர்ந்து உழைத்தார். அந்தக் கூட்டு அப்படியே தொழிலாயிற்று. விளம்பர வாசகம் எழுதுவார். ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டுவார். வினாடி பிசகாமல் அடக்குவார். மைக் முன்னால் நின்று பேசியதெல்லாம் வேறு ஆட்கள். இவர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

1960-களின் நடுவில் ‘கன்ஃபைட்டர்ஸ் ஆஃப் காசா கிராண்டே’ என்ற படம். அதன் விளம்பரத்துக்குப் பேச வேண்டியவர் வரவில்லை. எம்.ஜி.எம். நிறுவனத்துக்குப் போட்டுக் காட்டியாக வேண்டும். வேறு வழியில்லாமல் இவரே பேசிப் பதிவு செய்தார். அவர்களுக்குப் பிடித்துப்போய் அதையே வாங்கிக்கொண்டார்கள். இதை அதிர்ஷ்டம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இசை எங்கே ஏறும், படத்தின் வசனத்துக்கு எங்கே வழிவிட வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய காது அது. குரல் கடைசியில் வந்து சேர்ந்தது.

‘ஓர் உலகில்...’ என்று தொடங்கும் அவருடைய வாசகத்தைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அதிலும் கணக்கு இருக்கிறது. எந்தக் காலம், எந்த இடம் என்று விளக்கிக்கொண்டிருக்க டிரெய்லரில் நேரம் ஏது? இரண்டு வினாடியில் ரசிகரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்த வேண்டும். எழுதத் தெரிந்தவருக்குத்தான் அது வரும்.

பாரமவுண்டில் டிரெய்லர் பிரிவை நடத்திவிட்டு, 1981-ல் வெளியே வந்து தனியாகத் தொழில் செய்தார். 5,000-க்கும் மேற்பட்ட டிரெய்லர்கள். சில நாட்களில் 35 பதிவுகள் வரை இருக்குமாம். வண்டி நிறுத்த இடம் தேடி நேரம் போகக் கூடாதென்று டிரைவரோடு லிமோசின் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போனார். அந்த வண்டியில் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு, வேலை நடப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்க விட்டார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாளைக்குப் போட்டியாக வரப்போகிறவர்களுக்கு இன்று வண்டியில் இடம் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

2008-ல் காலமானார். லாஸ் ஏஞ்சலஸில் பின்னணிக் குரல் கலைஞர்கள் பயிற்சி பெற அவர் பெயரிலேயே ஒரு கூடம் இருக்கிறது.

பிள்ளைகளே, ஸ்டுடியோவில் கேபிள் சுற்றும் வேலை கிடைத்தாலும் தயங்காமல் போய்ச் சேருங்கள். எடிட்டர் பக்கத்தில் உட்கார இடம் கேளுங்கள். நீங்கள் பேசப்போகும் வாசகத்தை ஒரு முறையாவது நீங்களே எழுதிப் பாருங்கள்.